உங்கள் கண்டுபிடிப்பு புதியதுதானா? காப்புரிமைக்கு முன் நீங்களே தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு யோசனை பிறந்த அன்று இரவே பெரும்பாலோர் ஒரு தேடல் செய்துவிடுவார்கள். தேடுபொறியில் நாலு வார்த்தை போடுவது, வரும் படங்களைப் புரட்டுவது, அப்படியொரு பொருள் விற்பனைக்கு இல்லை என்றதும் ‘இதுவரை யாருக்கும் தோன்றவில்லை’ என்று மகிழ்வது. அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத் தேடலை நம்பி, மாதக்கணக்கான உழைப்பையும் சேமிப்பையும் விண்ணப்பத்தில் போடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. விற்பனையில் இல்லாத பொருள் வேறு, உலகுக்குத் தெரியாத பொருள் வேறு. காப்புரிமை ஆவணங்களில் வரைபடத்தோடு விளக்கப்பட்ட எத்தனையோ பொருள்கள் ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை. அவையும் உங்கள் விண்ணப்பத்தைத் தடுக்கும்.

தேடும் நேரத்தில் நீங்கள் உங்கள் கண்டுபிடிப்புக்கே எதிராளியாக மாற வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். ‘இது எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்தே தீருவேன்’ என்று தேடுகிறவருக்குத்தான் உண்மை கிடைக்கும். ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்த்துத் தேடினால் அந்தப் பதிலே கிடைக்கும். அப்புறம் ஒருநாள் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரோ, வழக்குத் தொடுக்கும் போட்டியாளரோ அதைத் தேடி எடுத்து மேசையில் வைப்பார்.

புதியது என்றால் சட்டத்தின் கண்ணில் என்ன?

நீங்கள் விண்ணப்பம் தாக்கல் செய்யும் தேதிக்கு முன், உலகில் எங்காவது, எந்த மொழியிலாவது, எந்த வடிவத்திலாவது பொதுமக்களுக்கு எட்டும்படி வெளிவந்துவிட்ட ஒன்று புதியது ஆகாது. நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் பெரும்பாலான நாடுகளில் அடிப்படை இதுதான். இப்படி ஏற்கெனவே வெளியில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காப்புரிமைத் துறையில் ‘ப்ரையர் ஆர்ட்’ என்பார்கள். இங்கே ‘முந்தைய அறிவு’ என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த முந்தைய அறிவு எவ்வளவு அகலமானது என்பதைச் சில வழக்குகளே காட்டிவிடும். 1958-ல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் ஒரு பலகையில் பாய்மரம் கட்டித் தண்ணீரில் ஓட்டி விளையாடினான். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் வேறு இருவர் இதே மாதிரியான பாய்ப்பலகைக்கு (விண்ட்சர்ஃபிங் பலகை) காப்புரிமை கோரினார்கள். அதன் பிரிட்டிஷ் காப்புரிமை மீதான வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. அந்தச் சிறுவன் எல்லோரும் பார்க்கும்படி ஓட்டியது அதற்கு ஒரு காரணம். அவன் எதையும் எழுதவில்லை, எதையும் விற்கவில்லை.

இன்னொன்று. 1995-ல் மஞ்சளைக் காயம் ஆற்றப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் எடுத்துக்காட்டி மறுபரிசீலனை கேட்டது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. எழுத்தில் இருந்த ஆதாரம்தான் அதைக் கவிழ்த்தது. காப்புரிமைத் தரவுத்தளத்தில் மட்டும் தேடியிருந்தால் கண்ணில் படாமலே போயிருக்கும்.

முதலில் உங்கள் வாயைப் பாருங்கள்

தேடலைத் தொடங்குமுன் ஒரு கேள்வி. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி நீங்களே யாரிடமாவது சொல்லிவிட்டீர்களா? கண்காட்சியில் வைத்தீர்களா, காணொளி போட்டீர்களா, கல்லூரி ஆய்வேட்டில் எழுதினீர்களா, கூட்டுநிதி திரட்டும் தளத்தில் அறிவித்தீர்களா? உங்கள் சொந்த வெளியீடும் உங்களுக்கு எதிரான முந்தைய அறிவுதான். பலர் இடறி விழுவது இங்கேதான். அதுவும் ஆர்வத்தினால், நல்லெண்ணத்தினால்.

1855-ல் அமெரிக்காவில் ஒருவர் பெண்களின் இடுப்புக் கச்சைக்கு ஒருவகை எஃகு ஸ்ப்ரிங் செய்து தன் தோழிக்குக் கொடுத்தார். அவர் அதை ஆடைக்குள் அணிந்துகொண்டார். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. 1866-ல்தான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1881-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. யாரிடமும் காட்டக் கூடாது என்ற எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்ததால் அது பொதுப் பயன்பாடு என்றது நீதிமன்றம். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே பொருட்டாகவில்லை.

அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகள் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டுவிட்டால் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகைக் காலம் தருகின்றன. ஐரோப்பிய முறையில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. யாராவது முறைகேடாக வெளியிட்டுவிட்டாலோ, அங்கீகரிக்கப்பட்ட சில சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டியிருந்தாலோ மட்டும் ஆறு மாத விலக்கு உண்டு. எனவே சலுகைக் காலத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்றால் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்து வாங்குங்கள்.

தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். தரவுத்தளத்தில் தேடுவது வெளியீடு ஆகாது. ஆனால் பொதுவெளியில் போய், ‘இப்படி இப்படி ஒரு கருவி யோசித்திருக்கிறேன், யாராவது பார்த்திருக்கிறீர்களா?’ என்று முழு விவரத்தோடு கேட்டால் அது வெளியீடு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் முழு விளக்கத்தையும் ஒட்டுவதற்கு முன்பும் அவற்றின் ரகசிய விதிகளைப் படித்துவிடுங்கள்.

படி 1: கண்டுபிடிப்பை உறுப்புகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள்: என்ன சிக்கல், அதை உங்கள் பொருள் எப்படித் தீர்க்கிறது, அப்படித் தீர்ப்பதற்கு எந்தெந்தப் பகுதிகள் வேண்டும்.

வழிகாட்டி முழுதும் உடன்வர ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நனைந்த குடையை உள்ளே கொண்டுவந்தால் தரையெல்லாம் சொட்டுகிறது. உங்கள் யோசனை, குடையின் நுனியில் ஒரு சின்னக் கிண்ணம். குடையை மடக்கும் அதே அசைவில் கிண்ணத்தின் மடிப்புச் சுவர் தானாக நீண்டு துணியின் கீழ்ப்பகுதியை மூடிக்கொள்ளும். கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிண்ணத்தின் அடியில் உள்ள அடைப்பு திறந்து தண்ணீர் வெளியேறும்.

இதை நாலாக உடைக்கலாம். நுனியில் நீர் பிடிக்கும் கிண்ணம் ஒன்று. நீளும் மடிப்புச் சுவர் இரண்டு. மடக்கும் அசைவே அந்தச் சுவரை நீட்டும் இணைப்பு மூன்று. கைப்பிடியிலிருந்து இயங்கும் அடைப்பு நான்கு. ஒவ்வொன்றையும் பற்றி, ‘இதை எடுத்துவிட்டால் என் கண்டுபிடிப்பு இன்னும் என் கண்டுபிடிப்பாக இருக்குமா?’ என்று கேளுங்கள். நிறம், அளவு, அழகு போன்றவை விழுந்துவிடும். மிஞ்சுவதுதான் தேட வேண்டியது.

இப்படிப் பிரிப்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. புதுமை இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நீங்கள் உரிமை கோரும் எல்லா உறுப்புகளும் ஒரே முந்தைய ஆவணத்தில் இருக்க வேண்டும். கிண்ணம் ஓர் ஆவணத்தில், அடைப்பு இன்னோர் ஆவணத்தில் என்று இருந்தால் புதுமை போகாது. ஆனால் அந்த இரண்டையும் சேர்ப்பது அத்துறையில் பழகிய எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியதுதான் என்றால், அடுத்த தடை வரும். காப்புரிமைக்குப் புதுமை மட்டும் போதாது, எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். ஆகவே முழுப் பொருளையும் தேட வேண்டும், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகவும் தேட வேண்டும்.

படி 2: வார்த்தைகளைச் சேகரியுங்கள்

காப்புரிமை ஆவணங்களின் மொழி நம் பேச்சுமொழியிலிருந்து வெகுதூரம். பேனாவை ‘ரைட்டிங் இன்ஸ்ட்ருமென்ட்’ என்பார்கள், பந்தை ‘ஸ்ஃபெரிகல் பாடி’ என்பார்கள், திருகாணியையோ கொக்கியையோ ‘ஃபாஸ்டனிங் மீன்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிடுவார்கள். பெரிய பெயரை வைத்தால் உரிமையின் எல்லை அகலமாகும் என்பதுதான் இதற்குக் காரணம். நீங்கள் அன்றாட வார்த்தையை மட்டும் போட்டுத் தேடினால் முக்கியமான ஆவணம் நழுவிவிடும்.

அதனால் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே ஒரு வரிசை எழுதுங்கள்: அதன் அன்றாடப் பெயர், தொழில்நுட்பப் பெயர், பொதுப் பெயர், அது செய்யும் வேலை. கிண்ணம் என்பதற்குக் ‘கப்’, ‘கன்டெய்னர்’, ‘ரெசெப்டக்கிள்’, ‘ரிசர்வாயர்’. வேலையாகச் சொன்னால் ‘சொட்டும் நீரைச் சேகரிக்கும்’, ‘நீர் தேக்கும்’. வேலையை வைத்துத் தேடுவது, பொருளை வைத்துத் தேடுவதைவிடப் பலமுறை நல்ல பலன் தரும். அதே வேலையை வேறொரு துறையில் வேறொரு பெயரில் யாரோ செய்திருப்பார்கள்.

தரவுத்தளங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும். சொல்லின் வேர்ப்பகுதியோடு உடுக்குறி (*) சேர்த்தால் அதன் எல்லா விகுதிகளும் வரும். இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று கட்டளையிடும் வசதியும் உண்டு. ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்திலும் இதற்கான குறிகள் இருக்கும். பத்து நிமிடம் ஒதுக்கி அதைப் படித்துவிட்டால் பிறகு பல மணி நேரம் மிச்சம்.

படி 3: எங்கே தேடுவது?

இலவசத் தளங்களே தாராளமாகப் போதும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் நடத்தும் எஸ்பாஸ்நெட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸ் 100-க்கும் மேற்பட்ட காப்புரிமை அலுவலகங்களின் ஆவணங்களை ஒரே பெட்டியில் தேட விடுகிறது. தொடக்கநிலையினருக்கு அதுதான் எளிது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், சர்வதேச விண்ணப்பங்களுக்குச் சிறந்த இடம். அதில் நீங்கள் ஒரு மொழியில் தரும் சொல்லை வேறு பல மொழிகளுக்கு விரித்துத் தேடும் வசதியும் உண்டு. இவை தவிர அமெரிக்கா, ஜப்பான், இந்தியா என ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் தன் சொந்தத் தேடல் தளத்தை வைத்திருக்கிறது.

ஒரே தளத்தோடு நிற்காதீர்கள். குறைந்தது இரண்டில் தேடுங்கள். சீன ஆவணங்களை ‘மொழி புரியாது’ என்று தள்ளிவிடவே கூடாது. இன்று உலகிலேயே அதிகக் காப்புரிமை விண்ணப்பங்கள் அங்கேதான் தாக்கலாகின்றன. குடை மாதிரியான அன்றாடப் பொருள்களில் சின்னச் சின்ன மேம்பாடுகள் அங்கே ‘யுடிலிட்டி மாடல்’ (சிறு மேம்பாடுகளுக்குத் தரும், காப்புரிமை போன்ற உரிமை) என்ற வகையில் குவிந்து கிடக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தாலும், வரைபடத்தோடு சேர்த்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும்.

படி 4: வகைப்பாட்டுக் குறியீடு என்னும் சாவி

முழுத் தேடலிலும் எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

ஒவ்வொரு காப்புரிமை ஆவணத்துக்கும், அது எந்தப் பொருளைப் பற்றியது என்பதைக் காட்டும் குறியீடு இடப்படுகிறது. நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண்ணைப் போல. சர்வதேசக் காப்புரிமை வகைப்பாடு 1971-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஏற்பட்ட உடன்பாட்டில் பிறந்தது. அதில் 70,000-க்கும் மேற்பட்ட பிரிவுகள் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் சேர்ந்து 2013 முதல் நடத்தும் கூட்டு வகைப்பாடு அதைவிட நுணுக்கமானது. சுமார் இரண்டரை லட்சம் பிரிவுகள்.

இதன் அருமை என்னவென்றால், குறியீட்டுக்கு மொழி கிடையாது. ஜப்பானிய ஆவணமானாலும் ஜெர்மன் ஆவணமானாலும், எழுதியவர் என்ன பெயர் வைத்திருந்தாலும், பொருள் ஒன்றென்றால் குறியீடும் ஒன்று. சொல் தேடலில் வராத நூறாண்டுப் பழைய ஆவணமும் இதில் வந்துவிடும். பழைய ஆவணங்கள் பல, ஸ்கேன் செய்த படத்திலிருந்து கணினி எழுத்தாக மாற்றப்பட்டவை, சொற்கள் சிதைந்திருக்கும்.

உங்கள் குறியீட்டைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. முதலில் சொல்லை வைத்துத் தேடி, உங்கள் யோசனைக்கு மிக நெருக்கமாகத் தெரியும் ஐந்தாறு ஆவணங்களைத் திறங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறியீடு எது என்று பாருங்கள். எஸ்பாஸ்நெட்டின் வகைப்பாட்டுத் தேடலில் அந்தக் குறியீட்டைத் திறந்து, மேலும் கீழும் உள்ள கிளைகளைப் படியுங்கள்.

நம் குடையை எடுத்துக்கொள்வோம். குடைகளும் கைத்தடிகளும் ஏ45பி என்ற வகுப்பில் வருகின்றன. அதில் 25 என்ற எண்ணின் கீழ் குடையின் உறுப்புகள். இன்னும் கீழே இறங்கினால் 25/28 என்று ஒரு பிரிவு: குடையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் கிண்ணங்களும் அதுபோன்ற பிற வழிகளும்! அதாவது இந்த யோசனைக்கென்றே தனி இழுப்பறை வைக்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே ஆவணங்கள் வந்திருக்கின்றன. ஒரு ஆவணத்தைக்கூடத் திறக்காமலே உங்களுக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. நீர் பிடிக்கும் கிண்ணம் என்ற உறுப்பு பழையது. இனி உங்கள் நம்பிக்கை மற்ற மூன்று உறுப்புகளில்தான், குறிப்பாக மடக்கும் அசைவுக்கும் சுவருக்கும் உள்ள இணைப்பில். இந்த நேரத்தில் மனம் சோர்வது இயல்பு. ஆனால் தேடல் உங்களுக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான்: புதுமை எங்கே இல்லை என்று காட்டிக்கொடுத்து, அது இருக்கக்கூடிய இடத்துக்கு உங்களைத் தள்ளுகிறது.

அடுத்து, குறியீட்டையும் ஒன்றிரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். முடிவுகள் சில நூறுக்குள் வந்ததும் நிறுத்தி, அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள்.

படி 5: பார்ப்பதும் படிப்பதும்

பார்க்கும்போது முதலில் வரைபடம். எந்திரப் பொருளானால் முதல்பக்கப் படத்தைப் பார்த்தே பத்தில் எட்டை ஒதுக்கிவிடலாம். தளங்களில் படங்களை மட்டும் வரிசையாகக் காட்டும் முறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வேதியியல், மென்பொருள் போன்றவற்றில் படம் உதவாது. அங்கே சுருக்கமும் விளக்கமும்தான் வழி.

நெருக்கமாகத் தெரியும் ஆவணத்தைப் படிக்கும்போது ஒரு பெரிய தவறு நடக்கும். ஆவணத்தின் கடைசியில் ‘கிளைம்’ எனப்படும் உரிமைக்கோரல்கள் இருக்கும். அவற்றை மட்டும் படித்துவிட்டு, ‘இவர் என் அடைப்பைப் பற்றி எதுவும் கோரவில்லை, அப்படியானால் அது எனக்குத்தான்’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது சரியில்லை. புதுமையைப் பொறுத்தவரை ஆவணம் முழுவதும் கணக்கு. விளக்கத்தின் ஏழாவது பக்கத்தில், ‘வேண்டுமானால் கைப்பிடியில் ஒரு பொத்தான் வைத்து அடைப்பைத் திறக்கலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தாலும் அது வெளிவந்த அறிவுதான். வரைபடத்தில் தெளிவாகத் தெரிவதும் அப்படியே. உரிமைக்கோரல்கள் முக்கியமாவது வேறு கேள்வியில். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதே தவறின் இன்னொரு முகம், காலாவதியான காப்புரிமைகளை விட்டுவிடுவது. காப்புரிமை பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு வரைதான். ஆனால் உரிமை முடிந்தாலும் அறிவு பொதுவெளியில் இருக்கிறது. கைவிடப்பட்ட விண்ணப்பம், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம், கட்டணம் கட்டாமல் செத்துப்போன காப்புரிமை எல்லாமே, வெளியிடப்பட்டிருந்தால் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பொதுவும் சிறப்பும் மோதும் இடத்தில் ஒரு விதி நினைவில் இருக்கட்டும். முந்தைய ஆவணம் ‘செம்பு’ என்று சொல்லியிருந்தால், நீங்கள் ‘உலோகம்’ என்று கோர முடியாது. செம்பு உலோகங்களில் ஒன்று. ஆனால் அது வெறுமனே ‘உலோகம்’ என்று சொல்லியிருந்தால், நீங்கள் ‘செம்பு’ என்று குறிப்பாகக் கோருவதன் புதுமை அதனால் மட்டும் போய்விடாது. குறிப்பானது பொதுவானதைக் கெடுக்கும். பொதுவானது குறிப்பானதைக் கெடுக்காது. செம்பைத் தேர்ந்ததில் எதிர்பாராத பலன் ஏதும் உண்டா என்பது அடுத்த கேள்வி.

தேதிகளையும் சரிபாருங்கள். ஆவணத்தில் தாக்கல் தேதி, வெளியீட்டுத் தேதி, முன்னுரிமைத் தேதி (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) என்று பல இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது வெளியீட்டுத் தேதி. ஒரே கண்டுபிடிப்பு பல நாடுகளில் தாக்கலாகியிருந்தால் அவை ஒரே ‘குடும்பம்’ என்று தளத்தில் சேர்த்துக் காட்டப்படும். உங்களுக்குப் புரியும் மொழியில் உள்ளதைத் திறந்து படியுங்கள்.

படி 6: மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

நெருக்கமான ஓர் ஆவணம் கிடைத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடக்கலாம். அது எந்தப் பழைய ஆவணங்களை மேற்கோள் காட்டுகிறது? பிற்காலத்தில் எந்த ஆவணங்கள் அதை மேற்கோள் காட்டின? இரண்டு பட்டியலும் அதே பக்கத்தில் இருக்கும். இவற்றில் பல, பயிற்சி பெற்ற பரிசோதகர் நேரம் செலவிட்டுத் தேடி எடுத்தவை.

தேடல் அறிக்கை இணைந்திருந்தால் இன்னும் நல்லது. சர்வதேச, ஐரோப்பிய அறிக்கைகளில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் எதிரே ஓர் எழுத்து இருக்கும். எக்ஸ் என்றால் அந்த ஆவணம் தனியாகவே விண்ணப்பத்தை வீழ்த்தப் போதுமானது. ஒய் என்றால் இன்னோர் ஆவணத்தோடு சேர்ந்து வீழ்த்தும். ஏ என்றால் வெறும் பின்னணி. உங்களுடையதைப் போன்ற ஒரு விண்ணப்பத்துக்கு எதிராக எக்ஸ் போட்ட ஆவணங்களை முதலில் படியுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்கும் அவையே வர வாய்ப்பு அதிகம்.

படி 7: காப்புரிமைக்கு வெளியே

பாய்ப்பலகைச் சிறுவனை மறக்காதீர்கள். ஆய்விதழ்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், தொழில்நுட்பத் தரநிலைகள், நிறுவனங்களின் பொருள் பட்டியல்கள், பயனர் கையேடுகள், இணையக் கடைகள், கூட்டுநிதித் தளங்கள், காணொளிகள் என எல்லாம் முந்தைய அறிவே. கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். அன்றாடப் பொருளானால் இணையக் கடைகளும் காணொளிகளும் இன்னும் முக்கியம். மடக்கியதும் நீளும் பிளாஸ்டிக் உறையுள்ள குடைகள் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டின் இரண்டாவது உறுப்பும் அதோடு போயிற்று.

இணையப் பக்கம் எப்போது வந்தது என்பது பிற்பாடு கேள்வியாகலாம். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பழைய பிரதி இருந்தால் தேதியோடு குறித்துவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாற்றுச் சொற்களைச் சேகரிக்கவும் பிறமொழி ஆவணத்தைச் சுருக்கிப் புரிந்துகொள்ளவும் நன்றாக உதவும். ஆனால் அவை சொல்லும் காப்புரிமை எண்ணை நீங்களே தளத்தில் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். இல்லாத எண்ணையும் அவை தயங்காமல் சொல்லும்.

படி 8: எழுதி வையுங்கள், பொருத்திப் பாருங்கள்

ஒவ்வொரு நாளும் எந்தத் தளத்தில், எந்தச் சொற்றொடர் போட்டு, எத்தனை முடிவுகள் வந்தன, எவற்றைத் திறந்தீர்கள் என்பதை ஒரு ஏட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரத்தில் அதே தேடலை மறுபடி செய்யாமல் இருக்கவும், பிறகு காப்புரிமை முகவரிடம் கொடுக்கவும் இது வேண்டும். அவர் தொடங்க வேண்டிய இடம் தெளிவாகிவிடும்.

கடைசியில் மிக நெருக்கமான ஐந்து முதல் பத்து ஆவணங்கள் மிஞ்சும். ஓர் அட்டவணை போடுங்கள். பக்கவாட்டில் உங்கள் உறுப்புகள், மேலே ஆவணங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் ஆம், இல்லை எழுதாமல், ஆவணத்தின் எந்தப் பத்தியில், எந்தப் படத்தில் அது இருக்கிறது என்று எழுதுங்கள். ‘ஏறக்குறைய’ என்று எழுதத் தோன்றும் கட்டங்களில்தான் மனம் நம்மை ஏமாற்றும். அங்கே எதிராளியின் இடத்திலிருந்து எழுதுங்கள்.

எப்போது நிறுத்துவது? சொல் வழி, குறியீட்டு வழி, மேற்கோள் வழி மூன்றும் உங்களை அதே ஆவணங்களுக்கே திரும்பக் கொண்டுவந்தால் போதும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் நிறுத்தாதீர்கள். உண்மையிலேயே வெறுமையான துறை அரிது. பெரும்பாலும் வார்த்தையோ குறியீடோ தவறாக இருக்கும்.

எவ்வளவு தேடினாலும் தெரியாத ஒரு பகுதி உண்டு. விண்ணப்பங்கள் பொதுவாக முதல் தாக்கல் தேதியிலிருந்து 18 மாதம் கழித்தே வெளியிடப்படுகின்றன. போன மாதம் வேறொருவர் இதையே தாக்கல் செய்திருந்தால் உங்களால் பார்க்க முடியாது. ஆனால் அது பின்னால் வெளிவந்ததும் உங்கள் புதுமையைக் கெடுக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. தேடலை வாரங்களில் முடியுங்கள், வருடங்களுக்கு இழுக்காதீர்கள். சில மாதங்கள் கழித்து அதே தேடலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அட்டவணையை வைத்து என்ன முடிவெடுப்பது?

ஒரே ஆவணத்தின் நெடுவரிசையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டால், அந்த வடிவில் விண்ணப்பிக்காதீர்கள். வலிக்கும்தான். ஆனால் அந்த ஆவணம் இனி உங்கள் பாடப்புத்தகம். அதில் என்ன குறை, அதை நீங்கள் எப்படித் தீர்ப்பீர்கள் என்று அங்கிருந்து தொடங்குங்கள். காப்புரிமைகளில் பெரும்பங்கு இருக்கும் ஒன்றின் மேம்பாடுதான்.

ஏதோ ஒரு வரிசை மட்டும் எல்லா ஆவணங்களிலும் காலியாக இருந்தால், உங்கள் கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது. குடையில் அது மடக்கும் அசைவோடு சேர்ந்த இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த இணைப்பை எத்தனை வகையில் செய்யலாம், கம்பியாலா, பல்சக்கரத்தாலா, ஸ்ப்ரிங்காலா என்று யோசித்து விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் விளக்குங்கள். தாக்கல் செய்தபின் அதே விண்ணப்பத்தில் புது விஷயத்தைச் சேர்க்க முடியாது. உறுப்புகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்து சேர்க்கை மட்டும் புதிது என்றால், அந்தச் சேர்க்கையால் யாரும் எதிர்பார்க்காத பலன் ஏதும் விளைகிறதா என்பதற்கு ஆதாரம் சேருங்கள்; சோதனை முடிவுகள் அங்கே பேசும்.

கண்டெடுத்த ஆவணங்களை முகவரிடமிருந்து மறைக்காதீர்கள். அமெரிக்காவில் விண்ணப்பதாரருக்குத் தெரிந்த, விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடிய ஆவணங்களை அலுவலகத்திடம் தெரிவிப்பது சட்டக் கடமை. வேண்டுமென்றே மறைத்தால் கிடைத்த காப்புரிமையே பயனற்றுப் போகலாம்.

முன்பு உரிமைக்கோரல் பற்றிச் சொன்னேன் அல்லவா? புதியதா என்பது ஒரு கேள்வி. அதைத் தயாரித்து விற்க உங்களுக்குத் தடையில்லையா என்பது முற்றிலும் வேறு கேள்வி. உங்கள் இணைப்பு புதியதாக இருக்கலாம், காப்புரிமையும் கிடைக்கலாம். ஆனால் அது பொருந்தும் நீளும் சுவருக்கு வேறொருவரிடம் இன்னும் உயிருள்ள காப்புரிமை இருந்தால், அவர் அனுமதியின்றி நீங்கள் விற்க முடியாது. அந்தத் தேடலில்தான் உரிமைக்கோரல்களை வரி வரியாகப் படிக்க வேண்டும், எந்த நாட்டில் எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். அதை ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் விட்டுவிடுவது நல்லது.

விண்ணப்பத்தை எழுதும் வேலைக்கும் அப்படியே. உலக அறிவுசார் சொத்து அமைப்பு பல நாடுகளில் ‘தொழில்நுட்ப மற்றும் புத்தாக்க ஆதரவு மையங்கள்’ அமைய உதவியிருக்கிறது. தேடலுக்கு அங்கே வழிகாட்டுவார்கள். உங்கள் அட்டவணையையும் தேடல் ஏட்டையும் கையில் கொண்டுபோங்கள். முகவரிடம் பேசும்போது, ‘எனக்கு ஒரு நல்ல குடை யோசனை இருக்கிறது’ என்று தொடங்குவதற்குப் பதிலாக, ‘இந்த எட்டு ஆவணங்களிலும் மூன்றாவது உறுப்பு இல்லை, நான் கோர விரும்புவது இதை’ என்று தொடங்குவீர்கள்.